தாமஸ் கப்பலில் வந்த வாத்தியார்கள்

பள்ளி விடுமுறை விட்டதும் தென்கொரியாவில் இருந்து ஏராளமான சிறுவர், சிறுமியர் பிலிப்பைன்ஸுக்கு விமானம் ஏறுகிறார்கள். சுற்றிப் பார்க்க மட்டும் அல்ல. செபு, கிளார்க், பாகியோ போன்ற ஊர்களில் நடக்கும் ஆங்கில முகாம்களில் சில வாரம் தங்கிப் படிப்பதற்காக! அங்கே சொல்லிக் கொடுப்பவர்கள் அமெரிக்கர்களோ ஆங்கிலேயர்களோ இல்லை, பிலிப்பினோ ஆசிரியர்கள். தமிழ்நாட்டு மாணவர்கள் பலர் மருத்துவம் படிக்க அந்த நாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கும் பாடங்கள் ஆங்கிலத்தில் நடப்பது ஒரு முக்கியக் காரணம்.

நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் ஒரு தீவு நாட்டிற்கு இந்த ஆங்கிலம் எப்படி வந்தது? வியாபாரிகள் கொண்டு வரவில்லை. பிரிட்டன் அந்த நாட்டை நிரந்தரமாக ஆண்டதும் இல்லை. 1901-ம் ஆண்டில் ஒரு கப்பல் நிறைய வாத்தியார்கள் வந்து இறங்கினார்கள். அந்தக் கதைதான் இது.

கை மாறிய தீவுகள்

பிலிப்பைன்ஸை ஸ்பெயின் 300 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது. ஆனாலும் ஸ்பானிஷ் மொழி சாதாரண மக்களிடம் பரவவே இல்லை. பாதிரியார்கள் மக்களின் மொழிகளைத் தாங்கள் கற்றுக்கொண்டு அதிலேயே மதத்தைப் போதித்தார்கள். ஊருக்கு ஊர் ஆரம்பப் பள்ளி வேண்டும் என்று ஸ்பெயின் ஆணை போட்டதே 1863-ல்தான். ஸ்பானிஷ் பணக்காரர்கள், படித்தவர்கள் வட்டத்தோடு நின்றுவிட்டது.

1898-ல் ஸ்பெயினை அமெரிக்கா போரில் தோற்கடித்தது. அதே ஆண்டு ஜூன் 12 அன்று அகுயினால்டோ தலைமையில் பிலிப்பினோக்கள் சுதந்திரப் பிரகடனம் செய்திருந்தார்கள். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. டிசம்பரில் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தப்படி 2 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா அந்தத் தீவுகளை எடுத்துக்கொண்டது. 1899 பிப்ரவரியில் பிலிப்பினோக்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் போர் மூண்டது.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே பள்ளிகளும் திறக்கப்பட்டன. முதலில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர்கள் அமெரிக்கச் சிப்பாய்கள்! ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் பாடப் புத்தகம். பள்ளிக்குச் செலவு செய்வதும் ராணுவ நடவடிக்கையின் ஒரு பகுதிதான் என்று அங்கிருந்த அமெரிக்கத் தளபதி ஆர்தர் மெக்கார்தரே கருதினார். மக்களை அமைதிப்படுத்த அதைவிட நல்ல வழி இல்லை என்பது அவருடைய கணக்கு.

சட்டம் 74

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1900 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி மெக்கின்லி கொடுத்த அறிவுரை, பிள்ளைகளுக்கு முதலில் அவரவர் பகுதி மக்களின் மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்றுதான் சொன்னது. மொழிகள் பல இருப்பதால் பொது மொழியாக ஆங்கிலம் இருப்பது நல்லது என்பது அதற்கு அடுத்த வரி.

ஒரே வருடத்திற்குள் முதல் வரி காணாமல் போய்விட்டது. 1901 ஜனவரி 21 அன்று நிறைவேறிய சட்டம் 74, முடிந்த அளவு சீக்கிரம் எல்லா அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்று மொழி ஆக வேண்டும் என்றது. அமெரிக்காவில் இருந்து 1000 ஆசிரியர்களை வரவழைக்கவும் அனுமதி கொடுத்தது. சம்பளம் மாதம் 75 முதல் 125 டாலர் வரை.

காரணங்கள் சொல்லப்பட்டன. உள்ளூர் மொழிகளில் பாடப் புத்தகம் இல்லை. எந்த மொழியைத் தேர்ந்தெடுத்தாலும் மற்றவர்கள் கோபப்படுவார்கள். அமெரிக்க ஆசிரியர்களுக்கு அந்த மொழிகள் தெரியாது. எல்லாம் உண்மைதான். ஆனால் இவை எல்லாமே ஆள வந்தவர்களின் சிரமங்கள். ஆறு வயதுப் பிள்ளையின் சிரமத்தை யார் கேட்டார்கள்?

கப்பல் வந்தது

1901 ஜூலை 23 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இருந்து 'தாமஸ்' என்ற ராணுவக் கப்பல் புறப்பட்டது. அதில் சுமார் 500 ஆசிரியர்கள், ஆண்களும் பெண்களும். கல்லூரியை அப்போதுதான் முடித்த இளைஞர்கள் பலர். ஹொனலூலு வழியாக ஆகஸ்ட் 21 அன்று மணிலா விரிகுடாவை அடைந்தது கப்பல். இவர்களுக்கு முன்னும் பின்னும் வேறு கப்பல்களில் ஆசிரியர்கள் வந்தாலும், 'தாமசைட்டுகள்' என்ற பெயர் எல்லோருக்கும் சேர்த்து நிலைத்துவிட்டது.

மணிலாவில் இருந்து தீவு தீவாகப் பிரித்து அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் பல இடங்களில் பெஞ்சு கிடையாது, கரும்பலகை கிடையாது. ஆசிரியருக்கு ஊர் மொழி தெரியாது, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாது. பொருளைக் காட்டிப் பெயரைச் சொல்வது, திரும்பச் சொல்ல வைப்பது, பாட்டுப் பாட வைப்பது என்று பாடம் தொடங்கியது. அமெரிக்கப் பிள்ளைகளுக்காக எழுதிய புத்தகங்களே முதலில் வந்தன. ஆப்பிளையும் பனியையும் கண்ணால் பார்க்காத வெப்ப நாட்டுப் பிள்ளைகள் அவற்றைப் பற்றிப் படித்தார்கள். இது சரிப்படாது என்று சில ஆசிரியர்களுக்கே புரிந்தது. பனாய் தீவின் கபிஸ் ஊரில் வேலை பார்த்த மேரி ஹெலன் ஃபீ என்பவர், மற்றவர்களோடு சேர்ந்து பிலிப்பைன்ஸ் பிள்ளைகளுக்கென்றே ஒரு முதல் புத்தகம் எழுதினார். அது 1907-ல் வெளிவந்தது.

அவர்களுடைய வாழ்க்கையும் சுகமாக இல்லை. சம்பளம் தாமதமாக வந்தது. 1902-ல் காலரா பரவியது. அதே ஆண்டு செபு தீவில் நான்கு அமெரிக்க ஆசிரியர்கள் கொல்லப்பட்டார்கள். மணிலா வடக்குக் கல்லறைத் தோட்டத்தில் அமெரிக்க ஆசிரியர்களுக்கென்றே தனி இடம் இன்றும் இருக்கிறது. இன்னொரு பக்கம், தாமஸ் கப்பல் வந்து ஒரு மாதம் ஆன நிலையில், சமார் தீவின் பலங்கிகா ஊரில் 40-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களை ஊர் மக்கள் கொன்றார்கள். அதற்குப் பழிவாங்க அமெரிக்க ராணுவம் அந்தத் தீவையே சுடுகாடு ஆக்கியது. எழுத்துச் சொல்லிக் கொடுக்க வந்தவர்களும் ஊரை எரித்தவர்களும் ஒரே கொடியின் கீழ் வந்தவர்கள். இதை மறந்துவிட்டு இந்த வரலாற்றைப் படிக்க முடியாது.

மலை மேல் கோடை முகாம்

ஏப்ரல், மே மாதங்களில் மணிலா வெயில் தாங்காது. சுமார் 1500 மீட்டர் உயரத்தில், பைன் மரங்களுக்கு நடுவே இருக்கும் பாகியோவில் 1908-ல் ஆசிரியர் முகாம் ஒன்று தொடங்கியது. ஆரம்பத்தில் தங்குவதற்குக் கூடாரங்கள்தான். விடுமுறையில் ஆசிரியர்கள் அங்கே கூடி ஓய்வெடுத்தார்கள், சொற்பொழிவு கேட்டார்கள், கற்பிக்கும் முறைகளைப் படித்தார்கள். பின்னாளில் பிலிப்பினோ ஆசிரியர்களும் அங்கே பயிற்சிக்கு வந்தார்கள். அந்த முகாம் இன்றும் அரசுக் கல்வித் துறையின் கையில் இயங்குகிறது.

அமெரிக்கர்கள் செய்ததிலேயே நீண்ட நாள் நின்ற வேலை இதுதான்: உள்ளூர் ஆசிரியர்களை உருவாக்கியது. 1901-லேயே மணிலாவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். 1920-களின் இறுதிக்குள் அரசுப் பள்ளி ஆசிரியர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் பிலிப்பினோக்கள். இன்று கொரியப் பிள்ளைகளுக்கு முகாமில் பாடம் நடத்துபவர்கள் அந்த வரிசையில் வந்தவர்கள். அது மட்டுமா? ஆள் பற்றாக்குறை உள்ள அமெரிக்கப் பள்ளிகளுக்கே பிலிப்பினோ ஆசிரியர்கள் வேலைக்குப் போகிறார்கள்! கப்பல் திரும்பிவிட்டது என்று சொல்லலாம்.

விலை என்ன?

1925-ல் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் மன்றோ தலைமையில் ஒரு குழு பிலிப்பைன்ஸ் பள்ளிகளை ஆய்வு செய்தது. பெரும்பாலான பிள்ளைகள் சில வகுப்புகளோடு பள்ளியை விட்டு நின்றுவிடுவதையும், அந்நிய மொழியில் படிப்பது அவர்களுக்குப் பெரிய தடையாக இருப்பதையும் குழு கண்டது. நான்கு வருடம் படித்துவிட்டு நின்ற பிள்ளைக்கு ஆங்கிலமும் முழுதாக வரவில்லை, தன் மொழியில் எழுதப் படிக்கவும் பள்ளி கற்றுத் தரவில்லை.

1948-ல் இலோய்லோ பகுதியில் ஹோசே அகிலார் என்ற கல்வி அதிகாரி ஒரு சோதனை செய்தார். முதல் இரண்டு வகுப்புகளை ஹிலிகைனான் மொழியில் நடத்தினார். அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் மட்டும் படித்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். வரலாற்றாளர் ரெனாட்டோ கான்ஸ்டன்டினோ இன்னும் கடுமையாகச் சொன்னார். ஆங்கிலக் கல்வி பிலிப்பினோக்களைச் சொந்த மண்ணில் இருந்தே பிரித்துவிட்டது என்பது அவருடைய வாதம்.

இதற்குப் பிறகு சட்டங்கள் மாறி மாறி வந்தன. 1974-ல் ஆங்கிலமும் பிலிப்பினோ மொழியும் சேர்ந்த இருமொழிக் கொள்கை. 2009-ல் ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழிக் கல்விக்கான ஆணை. அதன் எண்ணும் 74! நூறு வருடம் கழித்து மெக்கின்லியின் அந்த முதல் வரி திரும்பி வந்தது. ஆனால் நிலைக்கவில்லை. புத்தகம் போதவில்லை, பயிற்சி போதவில்லை என்ற புகார்களுக்கு இடையே, 2024 அக்டோபரில் வந்த புதிய சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது.

ஆங்கிலம் பிலிப்பினோக்களுக்கு வேலை கொடுத்தது, உலகத்தைத் திறந்துவிட்டது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நான்காம் வகுப்போடு நின்றுபோன பிள்ளைகள் எந்த முகாமிலும் பாடம் நடத்தப் போகவில்லை. 1901-ல் 'புத்தகம் இல்லை' என்று தாய்மொழியை ஒதுக்கினார்கள். 2024-லும் அதே காரணம். அந்தப் புத்தகங்களை எழுத 123 வருடம் போதவில்லையா?