கண்ணால் போட்ட கையெழுத்து

சுவர் எழுத்து என்றதும் நமக்குத் தேர்தல் சின்னமும் சிமெண்ட் விளம்பரமும்தான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்கப் பெருநகரங்களில் அது வேறு சங்கதி. இளைஞர்கள் ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டு, தங்களுக்கே உரிய எழுத்து வடிவில் ஸ்ப்ரே பெயிண்டால் எழுதுவார்கள். கிராஃபிட்டி என்று பெயர். எழுத்தின் வளைவைப் பார்த்தே எழுதினவர் யார் என்று சொல்லிவிடுவார்கள். 1980களில் லாஸ் ஏஞ்சல்ஸில் அப்படி எழுதத் தொடங்கிப் பேர் வாங்கியவர் டோனி குவான். சுவரில் அவர் பெயர் 'டெம்ப்ட்'.

2003-ல் அவருக்கு ஏ.எல்.எஸ். என்று தெரிய வந்தது. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த அதே நோய். கை, கால், பேச்சு எல்லாம் போய், கண் மட்டும் மிச்சம். தந்தையோ சகோதரரோ ஒரு தாளில் இருக்கும் எழுத்துகளை விரலால் தொட்டுக்கொண்டே போவார்கள். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண் சிமிட்டுவார். ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணசைவால் கம்ப்யூட்டரை இயக்கும் கருவிகள் அப்போதே விற்பனைக்கு இருந்தன. ஆனால் விலை பல ஆயிரம் டாலர்!

மிக் எபலிங் என்ற படத் தயாரிப்பாளர் இதைக் கேள்விப்பட்டு, டெம்ப்ட்டை மறுபடி வரைய வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் டாக்டரும் இல்லை, எஞ்சினியரும் இல்லை. ஆனாலும் 2009-ல் ஸாக் லீபர்மன், ஜேம்ஸ் பவுடர்லி, ஈவன் ராத், கிறிஸ் சுக்ரூ, தியோ வாட்சன் ஆகிய ஐந்து பேரைக் கூட்டிவிட்டார். புரோகிராமும் கலையும் ரெண்டும் தெரிந்தவர்கள்.

அவர்கள் செய்ததைக் கேட்டால் நம்ம லேப் ஞாபகம் வரும். மலிவான கூலிங் கிளாஸ் ஃபிரேம், கொஞ்சம் கம்பி, பிளேஸ்டேஷன் விளையாட்டுக்கு வரும் சிறு கேமரா, அகச்சிவப்பு எல்.இ.டி.க்கள். கேமராவுக்குள் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, சாதாரண வெளிச்சத்தைத் தடுக்க, ஒளிபட்ட ஃபிலிம் துண்டை வைத்தார்கள். இப்போது கண்ணின் பாவை மட்டும் கறுப்பு வட்டமாகத் தெரியும். திரையில் புள்ளிகளைக் காட்டி அவற்றைப் பார்க்கச் சொல்லி, பாவை எங்கே இருந்தால் பார்வை எங்கே விழுகிறது என்று கணக்கிட்டார்கள். சாமான் செலவு சுமார் 50 டாலர்.

உண்மையான சிக்கல் சாஃப்ட்வேரில்தான். கை கோடு இழுக்கும். கண் இழுக்காது, தாவும். அது மட்டுமா, பேனாவை மேஜையில் வைத்துவிட்டுப் படத்தைப் பார்க்கலாம், கண்ணை எங்கே வைப்பது? அதனால் ஓர் இடத்தையே சற்று நேரம் பார்த்தால் அங்கே ஒரு புள்ளி, புள்ளிகளைச் சேர்த்தால் கோடு என்று அமைத்தார்கள். அதன்மேல் தடிமன், வண்ணம், முப்பரிமாணம். 'தண்ணீர் வேண்டும்', 'வலிக்கிறது' என்று பொத்தான்கள் வைத்த திரையும் அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் எல்லா நோயாளிக்கும் ஒரே எழுத்து. டெம்ப்ட்டின் வளைவு அதில் வராதே!

மருத்துவமனைக்கு வெளியே ஓர் இரவு புரொஜெக்டரை வைத்தார்கள். படுக்கையிலிருந்தே அவர் எழுத, எதிர்ச் சுவரில் பெரிதாக விழுந்தது அவருடைய பெயர். ஆறேழு வருஷத்துக்குப் பிறகு, அவருடைய அதே பாணியில்.

இதற்கு ஐரைட்டர் என்று பெயரிட்டு, செய்முறையையும் புரோகிராமையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள வெளியிட்டுவிட்டார்கள். 2010-ல் ஆஸ்திரியாவின் ஆர்ஸ் எலக்ட்ரானிகா விழாவில் 'கோல்டன் நிக்கா' பரிசு கிடைத்தது. படைத்தவர்கள் பட்டியலில் டோனி குவானும் ஒருவர்; உதவி பெற்ற நோயாளியாக அல்ல, கூட்டாளியாக. எனக்கு அந்தப் பரிசைவிட இந்தப் பட்டியல்தான் பெரிசாகத் தெரிகிறது.

முதல் கருவிக்கு ஒரு குறை உண்டு. தலை கொஞ்சம் அசைந்தாலும் கணக்குத் தவறிவிடும். டெம்ப்ட்டுக்குத் தலை அசையாது, அதனால் பாதகமில்லை. தலை லேசாக ஆடுகிறவர்கள், மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்காகவே அடுத்த வடிவத்தில் கேமராவையும் விளக்கையும் முகத்திலிருந்து எடுத்துத் திரைப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள்.