அலுவிகாரையில் எழுதப்பட்ட நோயாளர் சட்டம்

மாத்தளை நகரிலிருந்து வடக்கே தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தூரத்தில், பெரும் பாறைகள் ஒன்றையொன்று சாய்ந்து நிற்கும் ஓரிடம் உண்டு. அப்பாறைகளின் இடுக்குகளில் அமைந்த குகைகளே அலுவிகாரை எனப்படுகின்றன. பௌத்தரின் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடம் இதுவென்பது இலங்கையின் நெடுங்கால மரபு. அலுவிகாரையைப் பற்றிப் பேசுவோர் சமய வரலாற்றையோ பாளி இலக்கியத்தையோ எடுத்துக்கொள்வதே வழக்கம். அங்கு எழுதப்பட்ட ஏடுகளுள் ஒரு பகுதி நோயாளரைப் பேணும் கடமை பற்றிய சட்டம் என்பதும், இன்னொரு பகுதி பிறர் சாவதற்கு உதவுவது குற்றமா என்பதை வழக்கு வழக்காக ஆராய்கின்றது என்பதும் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. மரணத்துக்கு உதவுதல் பற்றி உலகின் சட்டமன்றங்கள் வாதிட்டுவரும் இக்காலத்தில் அவ்வேடுகள் மீண்டும் படிக்கத்தக்கவை.

அவை எழுதப்பட்ட காலம் துன்பம் மிகுந்த காலம். வலகம்பா எனப்படும் வட்டகாமணி அபயன் கி.மு. 103இல் அநுராதபுரத்தில் அரியணை ஏறினான். சில மாதங்களிலேயே அதை இழந்தான். தென்னிந்தியாவிலிருந்து படையுடன் வந்திறங்கிய தமிழ்த் தலைவர் எழுவருள் ஐவர் ஒருவர்பின் ஒருவராகப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டனர். அதே காலத்தில் பிராமண தீசன் என்பவனுடைய கலகமும் கொடிய பஞ்சமும் நாட்டை வாட்டின. பிக்குகளிற் பலர் மாண்டனர். சிலர் கடல்கடந்து இந்தியா சென்றனர். சிலர் மலைநாட்டிலே தங்கிக் கிழங்கையும் இலையையும் தின்று உயிர்பிழைத்தனர். அதுவரை நூல்கள் யாவும் மனனத்திலேயே இருந்தன. ஒரு முதியவர் இறந்தால் ஒரு நூலே இறந்துபோகும் நிலை. கி.மு. 89இல் வலகம்பா மீண்டும் அரசனான பின்னரே எழுதும் பணி நிகழ்ந்தது.

இங்கு ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். தீபவம்சமும் மகாவம்சமும் நூல்கள் எழுதப்பட்ட செய்தியைக் கூறுகின்றனவேயன்றி இடத்தின் பெயரைக் கூறவில்லை. மாத்தளையையும் ஆலோக விகாரையையும் சுட்டுவது 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நிகாய சங்கிரகம் என்னும் சிங்கள நூல். இடைவெளி பெரிது, எனினும் மரபை மறுக்கத்தக்க வலுவான சான்று எதுவும் இல்லை. எழுதியோர் பஞ்சத்தின் சாவைக் கண்ணெதிரே கண்ட தலைமுறையினர் என்பது மட்டும் உறுதி.

விநயபிடகத்தின் மகாவர்க்கம் என்னும் பகுதியில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. வயிற்றுக்கடுப்பு நோயால் வருந்திய ஒரு பிக்கு தன் மலசலத்திலேயே கிடந்தான். ஆனந்தருடன் அவ்வழியே வந்த புத்தர் அவனைக் கண்டார். உன்னைப் பார்ப்பவர் எவருமில்லையா என்று கேட்டார், இல்லை என்றான். ஏன் என்று கேட்டதற்கு, தன்னால் மற்றப் பிக்குகளுக்கு யாதொரு பயனும் இல்லாமையால் அவர்கள் தன்னைக் கவனிப்பதில்லை என்று விடையிறுத்தான். ஆனந்தர் நீர் கொணர்ந்தார். புத்தர் நீரை வார்க்க ஆனந்தர் கழுவினார். பின்னர் ஒருவர் தலைப்பக்கமும் மற்றவர் காற்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலிலே கிடத்தினர். அதன் பிறகே பிக்குகள் கூட்டப்பட்டனர், சட்டம் பிறந்தது. தாதியின் வேலையைத் தம் கையாற் செய்துவிட்டுச் சட்டம் இயற்ற அமர்ந்தவர்கள் வரலாற்றில் மிகச் சிலரே.

வீட்டைத் துறந்து வந்தவர்களுக்குப் பணிவிடை செய்யத் தாய் தந்தையர் இல்லை. அவர்கள் ஒருவரையொருவர் பேணாவிடின் வேறு எவர் பேணுவர் என்பதே அச்சட்டத்தின் அடிப்படை. தமக்குத் தொண்டு செய்ய விரும்புவோர் நோயாளிக்கே அத்தொண்டைச் செய்க என்றும் புத்தர் பணித்தார். கடமை வரிசையாக வகுக்கப்பட்டது: முதலில் குரு, குரு இல்லையேல் ஆசான், பின்னர் மாணவன், பின்னர் உடன் பயில்வோர், இவர்களில் ஒருவரும் இல்லையேல் சங்கம் முழுவதும். பேணாமல் விடுவது துக்கடம் என்னும் குற்றம்.

தாதியின் தகுதிகளும் அங்கே கூறப்படுகின்றன. மருந்து கூட்டத் தெரிதல். நோயாளிக்கு ஏற்றது இது, ஏலாதது இது என அறிதல். மலம், சிறுநீர், வாந்தி ஆகியவற்றைக் கண்டு அருவருக்காமை. நல்லுரையால் நோயாளியைத் தேற்றும் ஆற்றல். இவற்றோடு இன்னுமொன்று: பணிவிடை அன்பினாற் செய்யப்பட வேண்டும், ஆதாயங் கருதியன்று. நோயாளிக்கும் கடமை உண்டு. மருந்தை மறுப்பவன், நோயின் நிலையைத் தாதியிடம் உள்ளவாறு சொல்லாதவன், வலியைப் பொறாதவன் போன்றோர் பேணுதற்கு அரியவர் எனப்பட்டனர். வைத்தியசாலை விடுதியில் ஓர் இரவு பணிபுரிந்த எவரும் இப்பட்டியலை ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்கமாட்டார்.

ஆதாயங் கருதாமை என்ற விதி வெறும் அறவுரையன்று. அதற்கு வலுவான காரணம் உண்டு. பிக்கு ஒருவன் இறந்தால் அவனுடைய உடைமைக்குச் சங்கமே உரிமையுடையது. ஆயினும் அவனுடைய பிச்சைப் பாத்திரத்தையும் சீவர ஆடைகளையும் அவனைப் பேணியவர்களுக்கே கொடுக்கலாம் என்று விநயம் இசைவளித்தது. பேணியவர்களுள் இளஞ்சாமணேரன் ஒருவன் இருந்தால் அவனுக்கும் சமபங்கு. உழைப்புக்குக் கைம்மாறு என்ற வகையில் இது நேர்மையான ஏற்பாடு. ஆனால் நோயாளியின் சாவினால் தாதி பயன்பெறும் நிலையும் இதனால் உண்டாயிற்று. மரணத்துக்கு உதவுவதை அனுமதிக்கும் இக்காலச் சட்டங்கள் பல, இறப்பவரின் சொத்தில் பங்கு பெறுவோர் சாட்சியாக நிற்கக் கூடாது என்று விதிப்பது இவ்வச்சத்தினாலேயே.

இதே பாத்திரமும் ஆடையும் வேறொரு கதையிலும் வருகின்றன. அது விநயத்தின் மூன்றாம் பாராஜிக விதி பிறந்த கதை. வைசாலியில் புத்தர் உடலின் இழிவைத் தியானப் பொருளாகப் போதித்துவிட்டு அரை மாதம் தனித்திருந்தார். அக்காலத்தில் பிக்குகள் தம் உடலை வெறுத்தனர். சிலர் தம்மைத் தாமே மாய்த்தனர். சிலர் ஒருவரையொருவர் கொன்றனர். சிலர் மிகலண்டிகன் என்பவனை அணுகித் தம்மைக் கொல்லும்படி வேண்டினர். அவன் பெற்ற கூலி அவர்களுடைய பாத்திரமும் ஆடையுமே. திரும்பி வந்த புத்தர் பிக்குகளின் தொகை குறைந்ததைக் கண்டு காரணம் வினவினார். தியானப் பொருளை மாற்றி மூச்சைக் கவனிக்கும் முறையைக் கற்பித்தார். மனித உயிரைப் போக்குவதையும், அதற்கு ஆள் தேடுவதையும் தடைசெய்தார். மீறுவோன் மீண்டும் சங்கத்திற் சேர முடியாது. ஓரிடத்தில் பேணியவனுக்குப் பரிசான பொருளே மற்றோரிடத்தில் கொன்றவனுக்குக் கூலியாயிற்று. இரு கதைகளையும் ஒரே தொகுப்பில் வைத்தவர்கள் இதைக் காணாதிருந்திருக்க முடியாது.

விதி அத்துடன் நிற்கவில்லை. அழகிய மனைவியையுடைய ஒரு நோயாளியிடம் சென்ற சில பிக்குகள், நல்வினை செய்த அவனுக்கு வாழ்வைவிடச் சாவே மேல் என்று புகழ்ந்து கூறினர். அவன் ஒவ்வாத உணவை உண்டு மாண்டான், மனைவி முறையிட்டாள். ஆகவே சாவைப் புகழ்வதும் அதற்குத் தூண்டுவதும் விதியினுள் அடங்கின.

இதனைப் பின்தொடரும் தீர்ப்புகளே இன்றைய விவாதத்துக்கு மிக நெருக்கமானவை. நோயுற்ற பிக்கு ஒருவனுடைய வேதனையைப் பொறாத தோழர்கள், இரக்கத்தினாலேயே சாவைப் புகழ்ந்து பேசினர், அவன் இறந்தான். இரக்கம் அவர்களைக் காக்கவில்லை. பாராஜிகமே என்பது தீர்ப்பு. இன்னொரு வழக்கில், கைகால் துண்டிக்கப்பட்ட ஒருவன் உறவினர் சூழக் கிடந்தான். அவன் சாவதை விரும்புகின்றீர்களா என்று ஒரு பிக்கு கேட்டான், ஆம் என்றனர், மோர் கொடுங்கள் என்றான். வேறொருவனுக்கு அவ்வாறே உப்பிட்ட காடியைக் கொடுக்கும்படி ஒரு பிக்குணி கூறினாள். இருவரும் குற்றவாளிகளாயினர். மோரும் காடியும் நஞ்சல்ல. குருதி வற்றிய உடலுக்கு அவை ஆகாதவை எனக் கருதப்பட்டன போலும். குடும்பத்தினர் இசைந்தனர், பொருளும் தீங்கற்றது, கொடுத்த கையும் வேறு. ஆயினும் நோக்கமே நிறுக்கப்பட்டது.

அதே நோக்கம் தாதியைக் காக்கவும் செய்தது. நோயாளியைக் குளிப்பாட்டியபோதோ, எண்ணெய் பூசியபோதோ, எழுப்பி உட்காரவைத்தபோதோ, மருந்தோ உணவோ கொடுத்தபோதோ அவன் இறந்துவிட்டால், கொல்லும் எண்ணம் இல்லாதவிடத்துக் குற்றமில்லை. இப்பாதுகாப்பு இல்லையாயின் அஞ்சி ஒருவரும் நோயாளியைத் தொடமாட்டார்.

ஒரு குறையை மறைப்பதற்கில்லை. பேணாமல் விடுவது சிறு குற்றம், சாவுக்கு உதவுவது பெருங்குற்றம் என்று விநயம் வகுத்தது. பேணுவாரின்மையாலேயே சாவை விரும்பும் நோயாளி எத்தனை பேர் என்ற கேள்வி அதில் நேரடியாக எழவில்லை. அதனை எழுப்பியது பிற்கால உரையே.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் எழுந்த சமந்தபாசாதிகை புத்தகோசருடையதாகக் கொள்ளப்படுகின்றது. அவர் காஞ்சிபுரத்திலும் மயூரபட்டினத்திலும் தங்கியிருந்ததை அவருடைய உரைநூற் குறிப்புகள் காட்டுகின்றன. அலுவிகாரையில் அவருக்கென ஒரு குகையும் சிலையும் உண்டு. மருந்தும் பணிவிடை செய்வோரும் இருக்கும்போது சாக விரும்பி உணவை நிறுத்துவது குற்றம் என்கின்றது அவ்வுரை. ஆனால் நோய் நெடிது, பேணுவோர் சோர்ந்து வெறுப்படைந்துவிட்டனர், எவ்வளவு பேணினும் இவ்வுடல் நில்லாது என்று கண்டு ஒருவன் உணவையும் மருந்தையும் நிறுத்தினால் அது தகும். பிறர் உயிர்போக்குவது வேறு, பயனற்ற சிகிச்சையை நோயாளியே விடுவது வேறு என்ற வரம்பு இங்கே தெளிவாகின்றது. விநயக் கல்வியில் தமிழ்நாட்டார் பங்கும் சிறிதன்று. உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் காவிரி பாயும் சோழநாட்டுப் பூதமங்கலத்தில் இருந்து விநய விநிச்சயத்தைச் செய்யுளாக யாத்தார். பிற்காலத்தில் சோழநாட்டுக் காசியபர் விமதிவிநோதனி என்னும் உரையை எழுதினார்.

அலுவிகாரையின் ஏட்டுத் தொகுதி 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது அழிந்தது. விநயம் துறவிகளுக்கான சட்டமேயன்றி நாட்டின் சட்டமன்று; இலங்கையின் பொதுச் சட்டம் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் அமைந்தது. தற்கொலைக்கு உடந்தையாதலுக்கு மரணதண்டனையே அதில் விதிக்கப்பட்டது. தற்கொலை முயற்சி குற்றமென்ற விதி 1998இல் நீக்கப்பட்டது.

பிரித்தானியப் பொதுச்சபை, இறுதி நிலை நோயாளர் மரணத்துக்கு உதவி பெறலாம் என்ற மசோதாவை 2025 யூன் 20ஆம் நாள் 314 வாக்குகளுக்கு எதிராக 291 என்ற நிலையில் நிறைவேற்றியது. இந்தியாவில் வழி வேறாக அமைந்தது. மும்பாயின் கிங் எட்வேர்ட் நினைவு மருத்துவமனையில் 1973இல் கொடிய தாக்குதலுக்கு ஆளாகி உணர்விழந்த தாதி ஒருவரைச் சாகவிட வேண்டும் என்று எழுத்தாளர் ஒருவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அம்மருத்துவமனையின் தாதியர் அதை எதிர்த்தனர். நோயாளியின் சார்பில் பேசத்தக்க உற்றார் அவரை நாளும் பேணிவந்த மருத்துவமனையினரே, மனுதாரர் அல்லர் என்று நீதிமன்றம் 2011 மார்ச் 7ஆம் நாள் கொண்டது; வேண்டுகோளை மறுத்தது; எனினும் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதைத் தக்க கட்டுப்பாடுகளுடன் ஏற்றது. 2018 மார்ச் 9ஆம் நாள் அரசியலமைப்பு ஆயம் அவ்வுரிமையை உறுதிசெய்து, முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்ப ஆவணத்துக்கும் இடமளித்தது. அத்தீர்ப்பு வருமுன்னரே, 2015 மே 18ஆம் நாள், அத்தாதி நிமோனியாவினால் இறந்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகளாக, ஒருவர் ஓய்வுபெற மற்றொருவர் பொறுப்பேற்று, தாதியர் அவரைக் கழுவியும் ஊட்டியும் பேணிவந்தனர்.