ஒரு குருதித்துளியில் இரு நோய்கள்

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் கப்பலையும் கங்காணியையும் கோயிலையும் மறவாது குறிப்பர். அம்மக்களின் குருதியில் குடியிருந்த நோய்களைப் பற்றி எழுதுவோர் சிலரே. மலேரியாவும் யானைக்கால் நோயும் ஒருங்கே பற்றிய உடல்கள் நம் முன்னோரிடையே இருந்திருக்க வேண்டும் என்று கருதுவதற்குத் தக்க காரணங்கள் உண்டு.

கும்பகோணமும் அதனைச் சூழ்ந்த காவிரிப் படுகையும் யானைக்கால் நோய்க்குப் பேர்போன நிலம். அப்பகுதியிலிருந்து நாகப்பட்டினம் சென்று கப்பலேறியோர் பலர். அந்நோய்ப் புழு நிணநீர்க் குழாய்களில் 5 முதல் 8 ஆண்டுகள் வரை உயிர்வாழும். கால் வீங்காமலே அதனைச் சுமந்து திரிவோரும் உண்டு. செயின்ட் ஜான்ஸ் தீவில் 1874ஆம் ஆண்டு முதல் இயங்கிய நோய்த்தடுப்பு நிலையத்தில் எத்துணைக் கூர்ந்து நோக்கினும், இத்தகையோரைப் புறத்தோற்றத்தால் இனங்காண இயலாது.

கரையிறங்கியோரை எதிர்கொண்டது மலேரியா. இங்கு அதனைப் பரப்பிய அனோபிலிஸ் கொசுக்களுள் ஒருவகை குன்றடி நீரோடையிலும், மற்றொருவகை கடலோர உவர்நீரிலும் பிறப்பது. தமிழகத்தில் யானைக்கால் புழுவைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவோ சாக்கடையை நாடுவது. எருமைத் தொழுவங்களால் ‘கண்டாங் கெர்பாவ்’ என்று மலாய்ப் பெயர் பெற்ற தேக்கா வட்டாரத்தில் சதுப்பும் கழிவுநீரும் ஒருகாலத்தில் அடுத்தடுத்துக் கிடந்தன.

அங்ஙனமாயின் இரு நோயும் ஒருங்கே கொண்டவர் எளிதில் கண்ணுக்குப் புலப்படாதது ஏன்? விடை கடிகாரத்தில் உள்ளது. மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் வாழ்வது; காய்ச்சலோடு வருபவரிடம் பகலில் எடுத்த துளியிலும் அது தென்படும். யானைக்கால் நோயின் நுண்புழுவோ கால் மில்லிமீட்டர் நீளம் இருந்தும், பகலெல்லாம் நுரையீரலின் குருதிநாளங்களில் ஒதுங்கியிருந்து, நள்ளிரவை ஒட்டியே மேற்குருதிக்கு வரும். போதாக்குறைக்கு, நிணநீர் அழற்சியும் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலைத் தரும். நுண்ணோக்கியில் மலேரியா தெரிந்ததும் தேடல் நின்றுவிடும். கொய்னா கொடுத்தால் குளிர்சுரம் தணியும். புழு அப்படியே இருக்கும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. 1877இல் சீனத்து அமோய் நகரில், யானைக்கால் நுண்புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டவர் பேட்ரிக் மேன்சன். மலேரியாவையும் கொசுவிலேயே தேடுமாறு ரொனால்ட் ராசைத் தூண்டியவரும் அவரே. 1897இல் செகந்திராபாத்தில் அனோபிலிஸ் கொசுவின் குடற்சுவரில் ராஸ் மலேரியாக் கிருமியைக் கண்டார். வழிகாட்டிய நோய் பின்தங்க, வழியறிந்த நோயே உலகின் கவனத்தைப் பெற்றது!

சிங்கப்பூரிலும் அதுவே நிகழ்ந்தது. 1911இல் மலேரியாச் சாவுகள் பெருகவே, தெலோக் பிளாங்கா வட்டாரத்தில் வடிகால் பணி தொடங்கியது. 1982இல் உலகச் சுகாதார நிறுவனம் இத்தீவை மலேரியா நீங்கிய நாடாகப் பதிவு செய்தது. யானைக்கால் புழுவுக்குரிய மருந்தான ஹெட்ரசான் 1947இல்தான் கிட்டியது. அதனை உருவாக்கிய ஆய்வுக்குழுவை நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். மலேரியாவுக்கு அம்மருந்து பயன்படாது. இரண்டும் உள்ளவருக்கு இரு மருந்தும் வேண்டும். அதற்கு முன்னர் இரண்டும் உள என்பது தெரிய வேண்டும்.

இலங்கை 2016ஆம் ஆண்டு ஒன்றிலேயே இரு நோய்களுக்கும் ஒழிப்புச் சான்று பெற்றது. தமிழகத்திலோ, யானைக்கால் நோய்த் தடுப்புப் பணியாளர் ஊர் உறங்கியபின் வீடுவீடாகச் சென்று குருதி எடுத்துள்ளனர். தூக்கம் கலைந்த வீட்டார் சினந்ததும் உண்டு. ஆயினும் புழு வெளிவரும் வேளை அதுவே.