ஒரு ஊராட்சி காற்றாலை வாங்கிய கதையும் நம்ம லயங்களும்

மலையகத்துக்குக் கரண்ட் முதலில் வந்தது மனுஷங்களுக்காக இல்லை, கொழுந்துக்காக. வெள்ளைக்காரன் காலத்திலேயே பல தோட்டங்களில் ஓடைத் தண்ணியைத் திருப்பி, குழாயில் இறக்கி, டர்பைன் சுழற்றித் தேயிலைத் தொழிற்சாலையை ஓட்டினார்கள். கூப்பிடு தூரத்தில் இருந்த லயத்தில் எரிந்தது குப்பி லாம்புதான். பிறகு தேசிய மின்கட்டமைப்பு மலையேறி வந்ததும் அந்த டர்பைன்களில் பலதைக் கைவிட்டார்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய இன்னொரு கதை, கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஓடந்துறை ஊராட்சியுடையது.

1996இல் ஆர். சண்முகம் அங்கே தலைவராகத் தேர்வானார். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டருக்கும் வருகிற கரண்ட் பில் ஏறிக்கொண்டே போனது. முதலில் செலவைக் குறைக்க வழி தேடினார்கள். சில இடங்களில் சூரியசக்தித் தெருவிளக்கு போட்டார்கள். 2003இல் மரக்கழிவை எரிவாயுவாக்கி, அதில் தண்ணி இறைக்கும் இயந்திரத்தை ஓட்டினார்கள். அப்புறம்தான் பெரிய அடி: 2006இல், உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. விலை 1.55 கோடி இந்திய ரூபாய். 40 இலட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி 1.15 கோடி வங்கிக் கடன். ஊர்த் தேவை போக மிஞ்சிய கரண்டை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்திலேயே கடனைக் கட்டினார்கள். உலக வங்கி ஆட்களும் பல நாட்டு மாணவர்களும் பார்க்க வருகிற ஊரானது ஓடந்துறை.

நல்ல தலைவர் கிடைத்தார், அதனால் நடந்தது என்று முடித்துவிடலாம். ஆனா அது பாதிக் கதைதான். இந்திய அரசியலமைப்பின் 73ஆவது திருத்தமும், தமிழ்நாட்டின் 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமும் இல்லாவிட்டால், சேமிக்கவும் கடன் வாங்கவும் அங்கே ஒரு ஊராட்சி நிமிர்ந்து நின்றிருக்காது.

நம்ம பக்கம்? தோட்டத்து ஆட்கள் பிரதேச சபைக்கு ஓட்டுப் போடலாம். ஆனா 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, அந்தச் சபையின் காசு தோட்டத்துக்குள் வருவதற்குத் தடையாக நின்றது. லயத்து ரோட்டில் ஒரு விளக்கு போடணும்னாலும் நிர்வாகத்தின் முகத்தைப் பார்க்கணும். 2018இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 31 வருஷம்!

ஓடந்துறைக்குக் கிடைத்த பாராட்டைப் படித்துவிட்டு, "நம்ம ஆட்களுக்கு முயற்சி பத்தாது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காற்றும் ஓடையும் மடுல்சீமையிலும் இருக்கு. இல்லாதிருந்தது, தன் பில்லைத் தானே எடுத்துப் பார்த்துத் தானே முடிவெடுக்கிற உரிமை.

இப்போ கதவு கொஞ்சம் திறந்திருக்கு. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேட்க ரெண்டு கேள்வி போதும்: எங்க தோட்டத்துக்குள்ள சபை எத்தனை விளக்கு போட்டிருக்கு? அதுக்கு வருஷத்துக்கு எவ்வளவு செலவு? ஓடந்துறையும் அந்தக் கணக்கில் இருந்துதான் ஆரம்பித்தது.