மூலமும் மலிவுப் பிரதியும்: மின் கிற்றார் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பழைய பாணியில் அமைந்த மலிவான மின் கிற்றாரைப் போலியெனத் தள்ளுவோர் உளர். வரலாறு அக்கருத்துக்கு இடந்தரவில்லை.

கலிபோர்ணியாவின் புலர்ற்றன் நகரில் வானொலி திருத்தும் கடை நடத்திய லியோ பெண்டர் 1950இல் ஒரு மின் கிற்றாரை விற்பனைக்கு விட்டார். 1951 முதல் ‘ரெலிகாஸ்ரர்’ எனப்பட்ட அது தொழிற்சாலைப் பண்டமே. தட்டையான பலகையை உடலாக்கி, கழுத்தை நான்கு திருகாணிகளாற் பொருத்தினார். விரைவாக ஆக்கலும் இலகுவாகத் திருத்தலுமே அவர் நோக்கங்கள்.

1965இல் சி.பி.எஸ். நிறுவனம் அவர் தொழிலை 130 இலட்சம் டொலருக்கு வாங்கியது. பின்னர் தரங் குன்றியதெனக் கருதிய வாத்தியக்காரர் முந்திய கிற்றார்களை நாடினர். அவற்றின் விலை ஏறிற்று. உழைப்போன் கருவி சேகரிப்போன் பொருளாயிற்று.

1970களில் யப்பானியத் தொழிற்சாலைகள் பழைய மாதிரிகளைக் குறைந்த விலையிற் பிரதிசெய்தன. அப்போட்டியை எதிர்கொள்ள, பெண்டர் நிறுவனமே 1982இல் யப்பானில் உற்பத்தியைத் தொடங்கி, தன் பழைய வடிவங்களை ‘ஸ்குவையர்’ என்னும் பெயரில் மலிவாக வெளியிட்டது.

ஆகவே, இன்று மாணவனொருவன் வாங்கி மீட்டும் மலிவுக் கிற்றார் மூலத்துக்கு இழுக்கன்று. பேழையுள் உறங்கும் மூலத்திலும், அதுவே பெண்டரின் நோக்கத்துக்கு அண்மையானது எனலாம்.