மேசைத் தொலைபேசி: துறைமுக அலுவலக வலையமைப்பில்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து கடற்படைத் தளம், துறைமுக அதிகாரசபை, சீனக்குடாவின் மா ஆலை, சீமெந்து ஆலை என மதிலும் வாயிற்காவலும் உள்ள இடங்களே அதிகம். மதிலுக்குள் இருக்கும் தொலைபேசிக்குத் தனிக் காவல் எதற்கு என்று கேட்பது இயல்பே. ஆனால் ஐபி தொலைபேசி ஒரு சிறு கணினி. மதிலைத் தாண்டாமலே வலையமைப்பு வழியே அதை அடையலாம். 2009இல் அறியப்பட்ட ஒரு மென்பொருள் ஓட்டை அவாயா 9600 வரிசைத் தொலைபேசிகளில் திருத்தப்படாமல் இருந்ததை மக்காஃபி ஆய்வாளர்கள் 2019இல் காட்டினர். அதன் வழியே அறைப் பேச்சை ஒட்டுக்கேட்கவும் முடிந்தது. குரலுக்குத் தனி விலான் (வலையமைப்பின் மெய்நிகர் பிரிவு) ஒதுக்கினால் போதும் என்பாரும் உண்டு. அது தேவைதான், போதாது: சிஸ்கோ கருவிகளில் 2020இல் வெளியான குறைகள் அந்தப் பிரிவினையையே உடைக்கக்கூடியவை.

ஆகவே கருவிக்கே காவல் தேவை; அதை வேறு மேசைக்கு மாற்றும் நாளே அதற்கு உகந்த நாள். தொழிற்சாலை நிலைக்கு மீட்டு, நிலைபொருளைப் புதுப்பித்து, பரிமாற்றகத்தில் பழைய பதிவை நீக்கி, நீண்ட கடவுச்சொல்லுடன் மறுபடி பதிய வேண்டும். உள்ளிணைப்பு எண்ணையே கடவுச்சொல்லாக வைப்பது கள்ளனுக்குச் சாவி கொடுப்பது. அழைப்புச் சமிக்ஞை வலையமைப்பின் 5060 துறைக்குப் (port) பதில், மறையாக்கம் உள்ள 5061 துறை வழியே செல்லட்டும், குரலும் மறையாக்கப்படட்டும். வெளிநாட்டு அழைப்பையும் மூடிவைப்பது நல்லது. அப்படி மூடினால் நள்ளிரவில் வரும் கப்பலுக்கு முகவர் எப்படிப் பேசுவார்? நியாயமான கேள்வி. அவருடைய இணைப்புக்கு மட்டும், செலவு வரம்புடன் திறந்துவிடலாம். உற்பத்தியாளர் கைவிட்ட மாதிரிகளை மீள நிறுவாமல் அகற்றுவதே மலிவு.