திண்ணைப் பள்ளியும் கோதண்டமும்

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில், அதாவது வீட்டின் முன்திண்ணையில் ஓர் ஆசிரியர் தனியாக நடத்திய பள்ளிகளில், பிரம்பு ஏட்டைப் போலவே அன்றாடக் கருவியாக இருந்தது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் நாட்டுக் கல்வி குறித்து விவரம் கேட்க, பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்ப்பெல் மறு ஆண்டு அனுப்பிய அறிக்கை தம் மாவட்டப் பள்ளிகளின் காலை வழக்கத்தை விவரிக்கிறது: முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரும், அடுத்தவன் கையில் புகழுக்கும் பழிக்கும் உரியவனல்லன் என்பதற்கு அடையாளமாகச் சுழியும் எழுதப்பட, மூன்றாமவனுக்கு மெல்ல ஓரடியும், பின்வருவோருக்கு ஒவ்வோரடி கூடுதலாகவும் விழுந்தன. சோம்பும் பிள்ளையின் இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் உண்டு. தமிழில் அத்தண்டனைக்கும் அதற்கான கயிற்றுக்கும் கோதண்டம் என்று பெயர். ஓயாமல் மண்டியிட்டெழச் செய்யும் தண்டனையை வேதனை தருவது என்று ஒப்புக்கொண்ட கேம்ப்பெல், அது உடல்நலத்துக்கு நல்லதாகலாம் என்றும் சேர்த்து எழுதியது, பிள்ளையின் வலி அதிகாரிகளுக்கும் எவ்வளவு இயல்பாகத் தோன்றியது என்பதைக் காட்டும் துயரமான சான்றாகும். பள்ளிகளில் உடல் தண்டனையை, அன்றைய ஜம்மு காஷ்மீர் மாநிலம் நீங்கலாக, இந்தியா முழுமைக்கும் விலக்கிய கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.